கொடுத்தவர் பெயர்

நான்காவது மூட்டையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கியபோது ராஜத்தின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஜனவரிக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. பழைய போர்வையில் கட்டிய மூட்டை அது. டெல்லி மெட்ரோவில் சோதனை எந்திரத்துக்குள் விடும்போது முடிச்சு அவிழ்ந்துவிட்டதாம். காவலுக்கு நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தாளாம்.

"'க்யா ஹை யே', என்ன இதுன்னா மிஸ். கிதாப், புக்குன்னு சொன்னேன். 'நீ படிப்பியா'ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள் ராஜம்.

அக்னஸ் டீச்சர் ஒரு முனையைப் பிடிக்க, இருவருமாக மூட்டையை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மாடியில் கடைசி அறை, முன்பு தையல் வகுப்பு நடந்த இடம். தையல் டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. நவம்பரில் தலைமையாசிரியர் பாலசுப்ரமணியம் அதன் சாவியை அக்னஸ் கையில் கொடுத்து, மார்ச்சில் இன்ஸ்பெக்‌ஷன் வருவதற்குள் பாதி அறையில் நூலகமும் மீதிப் பாதியில் அருங்காட்சியகமும் அமைத்துவிட வேண்டும் என்றார். ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள் அக்னஸ். வருஷா வருஷம் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சாவியை வாங்கும்போது அவளுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. பழைய பொருள் எதைக் கண்டாலும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். கரும்பு தின்னக் கூலியா என்றுதான் தோன்றியது.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டாள்: வீட்டில் சும்மா கிடக்கும் தமிழ்ப் புத்தகம், பழைய பொருள் எது இருந்தாலும் கொடுத்தனுப்புங்கள். வந்தன. இரண்டு எழுத்து விழாத டைப்ரைட்டர் ஒன்று. பித்தளைப் பால் டோக்கன்கள். கரி போட்டு எரிக்கும் அங்கீட்டி. ரூபி சிஸ்டர் என்ற ஓய்வு பெற்ற நர்ஸ், கஞ்சி போட்டு மடித்த தன் வெள்ளைத் தொப்பியை டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் அப்பா, பெட்டி தள்ளும் வண்டியின் தேய்ந்த சக்கரத்தைக் கொடுத்திருந்தார். அது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. புத்தகங்கள்தான் வரவில்லை. பஞ்சாங்கமும் சமையல் குறிப்பும் சேர்த்துப் பதினொன்று வந்தன.

ராஜம் மட்டும் கூட்டம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்தாள். எட்டாம் வகுப்பு சுபிக்ஷாவின் அம்மா. ஓடைக்கரைக் கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருந்தவர்கள். அதை இடித்த பிறகு பாலம் என்ற பகுதியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, துவாரகாவில் ஒரே அடுக்குமாடி சொசைட்டியில் நான்கு வீடுகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நான் வேலை செய்யற வூட்டுல ஒரு அலமாரி பூரா தமிழ் புக்கு மிஸ். நூல் போட்டுத் தெச்சது. அம்மா ரத்தியில போடச் சொல்லிட்டாங்க. ரத்திக்காரன் அட்டை வேற, நூலு வேற, பிரிச்சுக் குடுன்றான். உங்களுக்கு ஆவுமா?"

வீட்டம்மா ரத்தி என்று ஒதுக்கினால் அந்தப் பழைய காகிதம் வேலைக்காரம்மாவைச் சேரும். அவள் விற்றுக்கொள்ளலாம், எரிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். டெல்லி வீடுகளில் எழுதி வைக்காத வழக்கம் அது. ராஜம் விற்கவில்லை. நான்கு சனிக்கிழமை, நான்கு மூட்டை.

கடைசி மூட்டையைப் பிரித்து அடுக்கிய பிறகு அக்னஸ் இருப்புப் பதிவேட்டைத் திறந்தாள். எண், தேதி, பொருள், நிலை, கொடுத்தவர். கொடுத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. மூன்று வருஷமாகத் தெரிந்த பெண். ஆனால் 'சுபிக்ஷா அம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உங்க பேரு என்னம்மா?"

"என் பேரா? எதுக்கு மிஸ்?" என்றாள். பிறகு, "ராஜம்னு போடுங்க" என்றாள்.

அதைப் பதிவேட்டில் நாற்பத்தொரு தடவை எழுதினாள் அக்னஸ். மொத்தமாக 'பைண்டு புத்தகம், ஒரு கட்டு' என்று ஒரே வரியில் போட்டால் போதும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தனிப் பொருள். நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணிலிருந்து நூற்றைம்பத்திரண்டு வரை.

அதன் பிறகு பத்து நாள் அந்த அறையை விட்டு அவள் இறங்கியதே அபூர்வம். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, வீட்டிலேயே தைத்த புத்தகங்கள் அவை. தைத்தவர் ஏதோ ஒரு மத்திய அரசு அமைச்சகத்து குமாஸ்தா. அட்டையெல்லாம் சர்க்கார் ஃபைல் அட்டை. தைத்தது ஃபைல் கட்டும் வெள்ளை நூல். அட்டையின் உள்பக்கத்தில் ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கு ஒட்டுவதுபோல ஒரு சீட்டு. 'பார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்து, தேதி, அடுத்து யாருக்கு என்று ஒரு குவார்ட்டர்ஸ் எண். 408லிருந்து 614க்கு, 614லிருந்து 227க்கு. ஒரு குடியிருப்பே ஒரு கதையை வீடு வீடாக, ஆபீஸ் ஒழுங்கோடு சுற்றவிட்டுப் படித்திருக்கிறது.

ஒரு புத்தகத்தில் நடுவே இரண்டு பக்கம் கையெழுத்தில் இருந்தது. 'இருபத்திரண்டாம் வாரத்து இதழ் கிடைக்கவில்லை. ஊரில் படித்துவிட்டு வந்தவர் சொன்னபடி கீழே எழுதப்பட்டுள்ளது.' கீழே முழு அத்தியாயம். அதற்கும் கீழே வேறொரு கையெழுத்து: 'கதாநாயகி இவ்வளவு பேசியிருக்கமாட்டாள். 614.'

அக்னஸ் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். எட்டாம் வகுப்பை அழைத்து வந்து காட்டினாள். பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் விடுபட்ட அத்தியாயத்தைக் கதை கேட்டு எழுதினார்கள் என்றதும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். "ஊர்ல படிச்சுட்டு வந்தவங்க யாரு மிஸ்?" என்று நரேன் கேட்டான். அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அக்னஸ் அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து, டெல்லித் தமிழர் வாட்ஸப் குழு ஒன்றில் போட்டாள். 'இந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் யாராவது உண்டா?' மறுநாளைக்குள் முப்பது பதில்கள். 227 என் சித்தப்பா வீடு என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன் வந்தது.

"மேடம், ஐ'ம் ஷங்கர். அந்த ஹேண்ட்ரைட்டிங்... அது எங்க அப்பாது. ராமமூர்த்தி. நான் வந்து பாக்கலாமா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். ஐம்பது வயது, நல்ல கோட்டு, துடைத்துத் துடைத்துச் சிவந்த மூக்கு. கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள் அக்னஸ். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது மேடம். கான்வென்ட், அப்புறம் ஃபுல்லா ஹிந்தி. ஆனா இந்தக் கையெழுத்து தெரியும். என் ரிப்போர்ட் கார்டுல எல்லாம் இதுதான் இருக்கும்" என்றார்.  அலமாரிக்குள் இருந்த குறிப்பு அட்டையைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

அக்னஸ் பெருமையோடு வாசித்தாள். "தொடர்கதைத் தொகுப்புகள், நாற்பத்தொன்று. கொடுத்தவர்: ராஜம், பாலம்."

"ராஜம்?" என்றார் ஷங்கர். "எங்க வீட்டு மெய்ட் ராஜமா?"

அப்போதுதான் அக்னஸுக்கு உறைத்தது. எந்த வீடு என்று ராஜத்திடம் அவள் கேட்கவே இல்லை. குவார்ட்டர்ஸ் எண்களையெல்லாம் துருவித் துருவித் தேடியவளுக்கு அது ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. "உங்க அம்மாதான் ரத்தியில போடச் சொன்னாங்களாம் சார்" என்று அவசரமாகச் சொன்னாள்.

"அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்றார் அவர். புத்தகத்தைப் பதமாக அலமாரியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ராஜம் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அந்த நேரத்தில் அவள் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கேட்டுல வுடமாட்டேன்றாங்க மிஸ். வாட்ச்மேன் வெச்சிருக்கற போன்ல என் போட்டோவு செவப்பா வருதாம். ஷங்கர் சாரு சொசைட்டி ஆபீஸ்ல சொல்லி லாக் பண்ணிட்டாராம். அவங்க வூடு மட்டும் இல்ல, நாலு வூடும் போச்சு. கேட்டே தாண்டலன்னா எங்க போறது?"

"மத்த மூணு வீட்டுக்காரங்க கேக்கலையா?"

"கேட்டாங்க. திருட்டு கேஸ்னு வாட்ச்மேன் சொன்னானாம். அதோட சரி." அவள் குரல் தாழ்ந்தது. "மிஸ், ஒரு லெட்டர் குடுங்க. சீல் போட்டு. புக்கு ஸ்கூலுக்குத்தான் வந்துச்சு, நான் எங்கயும் விக்கலன்னு. சுபிக்ஷாவுக்குத் தெரிய வேணாம்."

 இந்தப் பெண் பேசாமல் அட்டையைக் கிழித்து ரத்திக்காரனிடம் போட்டிருந்தால் இன்றைக்கு நான்கு வீட்டிலும் வேலை இருந்திருக்கும்.

அன்று மதியமே அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுத் துவாரகாவுக்குப் போனாள். சொசைட்டி வாசலில் பெயர், போன் நம்பர், யார் வீட்டுக்கு என்று எல்லாம் கேட்டு, முகத்தைப் படம் பிடித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கதவைத் திறந்தவர் காமாக்ஷி. எழுபத்தைந்து வயதிருக்கும். தனியாக வசிப்பவர். கையில் பாத்திரம் தேய்த்த ஈரம்.

"வாங்கோ டீச்சர். ஷங்கர் சொன்னான். உக்காருங்கோ, காப்பி போடறேன்."

"காப்பி வேண்டாம்மா. ராஜம் விஷயமா வந்தேன்."

காமாக்ஷி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு, "அந்த இருபத்திரண்டாவது வாரம் படிச்சேளா?" என்று கேட்டார்.

"படிச்சேன்."

"நான்தான் சொன்னேன். பிரசவத்துக்குக் கும்மோணம் போயிருந்தேன். அங்கே படிச்சதை, வந்து கைக்குழந்தையை மடியில போட்டுண்டு சொன்னேன். அவர் எழுதிண்டார். நான் கொஞ்சம் என் கைச்சரக்கும் சேத்துச் சொன்னேன். 614 மாமி அதைக் கண்டுபிடிச்சுட்டா." அவர் முகம் ஒரு நிமிஷம் இளமையாகிவிட்டது. "ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் மைதா மாவுல பசை காய்ச்சினது நான். அப்புறம் அவர் போயிட்டார். எனக்கும் கண் மங்கிடுத்து. படிக்கவும் முடியலை, பாத்துண்டு இருக்கவும் முடியலை. எடுத்துண்டு போடின்னு சொல்லிட்டேன்."

"அதை உங்க மகன்கிட்ட சொல்லிடுங்களேன் அம்மா. அவங்களுக்கு நாலு வீட்டு வேலை போயிடுச்சு."

"எப்படிச் சொல்லுவேன்? அன்னிக்கு வந்து என் மடியில தலையை வச்சுண்டு அழுதான். 'அப்பா புஸ்தகத்தை எப்படிம்மா விட்டே'ன்னான். எனக்குத் தெரியாதுன்னுட்டேன். வாயில வந்துடுத்து. இனிமே மாத்திச் சொன்னா என் மூஞ்சியிலே முழிப்பானா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்னஸுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஈரக் கையைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் எழுந்தபோது காமாக்ஷியே ஒரு வழி சொன்னார். "நாங்களே உங்க பள்ளிக்கூடத்துக்குக் குடுத்ததா இருக்கட்டுமே. எங்காத்துலேர்ந்து குடுத்து, அவ தூக்கிண்டு வந்ததா. அப்போ திருட்டுங்கற பேச்சே இல்லையோன்னோ? ஷங்கர்கிட்ட நானே பேசறேன்."

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். பாலசுப்ரமணியம் கெட்டவர் அல்ல. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பயந்தவர். மேசையில் ஷங்கரின் கடிதம் இருந்தது. அப்பாவின் நினைவாக அறைக்கு இருபது நாற்காலியும் ஒரு பித்தளைப் பலகையும் தருவதாக எழுதியிருந்தார். புத்தகங்கள் ராமமூர்த்தி குடும்பத்தார் கொடுத்தவை என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சொசைட்டியில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

"பொய் ஆச்சே சார்" என்றாள் அக்னஸ்.

"அவங்க வீட்டுலேருந்துதானே வந்துது டீச்சர்? அதுல என்ன பொய்?"

"வந்தது அங்கேருந்து. குடுத்தது ராஜம். கொண்டு வந்தவர்னு குறிப்புலயாவது அவங்க பேரைப் போட்டுக்கறேன் சார்."

"பதிவேட்டுல அப்படி ஒரு கட்டம் இல்லையே" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்ச்சுல உங்க ஃபைலும் கமிட்டிக்குப் போகணும். நான் நல்லபடியா எழுதத்தான் நினைக்கறேன். அடிச்சா சிவப்பு மையில அடிக்கணும். எழுத்து கீழே தெரியணும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல ஏற்கெனவே பேர் இருந்தவங்க கையெழுத்து வேணும். இல்லன்னா ஆடிட்ல மாட்டிப்போம்."

அக்னஸ் முடியாது என்று சொல்லிவிடும் துணிவோடுதான் ராஜத்துக்குப் போன் செய்தாள். ராஜம் கடைசிவரை கேட்டாள்.

"அடிச்சிடுங்க மிஸ்" என்றாள்.

"நீங்கதானேம்மா குடுத்தீங்க? உங்க பேரு அது."

"பேரை வெச்சிக்கினு நான் என்னா பண்ண? கேட்டு தொறந்தாப் போதும். ரெண்டு வூட்டுல வேற ஆளு வெச்சிட்டாங்க. மீதி ரெண்டும் போறதுக்குள்ள அடிச்சிடுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்தாள். நாற்காலிகள் அதற்குள் வந்து இறங்கியிருந்தன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ராஜம் நின்றுகொண்டே கையெழுத்துப் போடப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள் அக்னஸ்.

"புது சேரு மிஸ்."

"பரவால்ல, உக்காருங்க. நாப்பத்தொண்ணு இருக்கு."

உறை சரசரக்க, நுனியில் உட்கார்ந்தாள். அக்னஸ் பதிவேட்டை இருவருக்கும் நடுவில் விரித்து, நூற்றுப் பன்னிரண்டாம் வரிமேல் ஸ்கேலை வைத்துச் சிவப்புக் கோடு இழுத்தாள். மேலே 'ராமமூர்த்தி குடும்பத்தார்' என்று பொடியாக எழுதினாள். பதிவேட்டை ராஜத்தின் பக்கம் நகர்த்தினாள். ஊரில் ஐந்தாவது வரை படித்தவள் ராஜம். பேனாவை அழுத்திப் பிடித்து, எழுத்து எழுத்தாக, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதினாள். அடுத்தது. அதற்கடுத்தது. கீழே மணி அடித்து ஒரு வகுப்பு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

இருபதுக்கு மேல் போனதும் விரல்களை உதறிக்கொண்டாள். "டைம் என்னா மிஸ்?"

"ரெண்டு ஆகப் போகுது."

"சொசைட்டி ஆபீஸ் மூணரைக்கு மூடிடுவான். இன்னும் எத்தினி இருக்கு?"

அக்னஸ் விரல் வைத்து எண்ணினாள். "பதினேழு."

ராஜம் பதிவேட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பி, தான் எழுதிய வரிசையை மேலிருந்து கீழே பார்த்தாள். "இவ்ளோவா மிஸ் தூக்கியாந்தேன்?" என்றாள். உண்மையாகவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்னஸ் ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்கிக் கோடு இழுத்தாள். ராஜம் குனிந்து, அடித்த பெயருக்குப் பக்கத்தில் அதே பெயரை எழுதினாள்.